கோப்பின் தலையில் உரிமம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு கோவையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் கணக்கு மென்பொருள் எழுதுபவர், கணபதியில் மோட்டார் பம்புக்குக் கட்டுப்பாட்டு போர்டு செய்பவர், பெருந்துறையிலிருந்து பஸ் ஏறி வரும் கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். எல்லோரும் நிரலைப் பொதுவில் பகிரும் ஏதோ ஒரு திறந்த மூலத் திட்டத்தில் கை வைத்திருப்பவர்கள். நிரல் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். உரிமம் பற்றிய பேச்சுதான், அதாவது அந்த நிரலை யார் எந்த நிபந்தனையில் எடுக்கலாம் என்பதுதான், டீ ஆறிய பிறகும் ஓடும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பல வருடமாக நிரல் எழுதுகிறேன், ஒருமுறை நன்றாகச் சூடுபட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஜிபிஎல், எம்ஐடி, அப்பாச்சி, பிஎஸ்டி என்று வருபவை எல்லாம் திறந்த மூல உரிமங்களின் பெயர்கள். உரிமப் பெயர்களையும் அடையாளச் சொற்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில், எஸ்பிடிஎக்ஸ் என்ற உரிமப் பட்டியலில் (கீழே விளக்குகிறேன்) இருக்கும் அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள்.

ரெப்போவின் வாசலிலேயே லைசென்ஸ் கோப்பு வைத்திருக்கிறேன். அப்புறம் ஒவ்வொரு கோப்பிலும் எதுக்குங்க?

ரெப்போவை, அதாவது திட்டத்தின் கோப்புகள் மொத்தமும் இருக்கும் இடத்தை, முழுசாக எடுப்பவருக்கு அது போதும். ஒவ்வொரு கோப்பிலும் எழுதியே ஆக வேண்டும் என்று சட்டக் கட்டாயமும் இல்லை. ஆனால் கோப்புகள் எப்போதும் கூட்டமாகவே போவதில்லை. ஒருவர் உங்கள் ரெப்போவிலிருந்து ஒரே ஒரு கோப்பை எடுத்துத் தன் திட்டத்தில் போட்டுக்கொள்வார். அங்கிருந்து இன்னொருவர் எடுப்பார். மூன்றாவது கைக்குப் போகும்போது லைசென்ஸ் கோப்பு எங்கேயோ, நிரல் எங்கேயோ.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நிட்டிங்கில் இறங்கிய துணி சாயப்பட்டறைக்குப் போகிறது, அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு கட்டிங். ஆபீஸ் ரிஜிஸ்டரில் எவ்வளவு ஒழுங்காக எழுதியிருந்தாலும் ரோலின் மேலேயே லாட் நம்பர் இல்லையென்றால், சாயப்பட்டறையில் அது யார் துணி என்று ஒருவருக்கும் தெரியாது. கோப்பின் தலையில் எழுதும் இரண்டு வரி அந்த லாட் நம்பர்தான்.

நான் சூடுபட்டதும் இதில்தான். பில்லில் தொகையை எழுத்தால் அச்சிட, ‘ரூபாய் பன்னிரண்டாயிரத்து நானூற்று ஐம்பது மட்டும்’ என்பதுபோல, ஒரு நிரல் தேவைப்பட்டது. தமிழில் இது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆயிரம் ஆயிரத்து ஆகும், நூறு நூற்று ஆகும், தொண்ணூறும் தொள்ளாயிரமும் எந்த வரிசைக்கும் அடங்காது. பழைய திட்டம் ஒன்றுக்குள் இதையெல்லாம் சரியாகச் செய்யும் அழகான கோப்பு கிடைத்தது. தலையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எடுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து ஏற்றுமதி செய்யும் வாடிக்கையாளர் ஒருவர், மென்பொருளில் யார் யாருடைய நிரல் எந்த உரிமத்தில் இருக்கிறது என்று பட்டியல் கேட்டார். தோண்டிப் பார்த்தால் அந்தக் கோப்பு நான் எடுத்த திட்டத்துக்கே சொந்தமில்லை, அவர்களும் வேறு எங்கிருந்தோ எடுத்திருக்கிறார்கள். எழுதியவரைத் தேடி ஒரு வாரம். கிடைக்காமல், முதலிலிருந்து நானே எழுத இன்னொரு வாரம். இரண்டு வரி இருந்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

எங்கேயுமே உரிமம் எழுதாவிட்டால், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கலாம்னுதானே அண்ணா அர்த்தம்?

நேர் எதிர். யாரும் எடுக்கக் கூடாது என்று அர்த்தம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு செய்யத் தேவையில்லை. எழுதியவர் இருக்கும் காலமும் அதற்கு மேல் 60 வருடமும் அது நிற்கும். மூன்றாம் செமஸ்டரில் அவசரமாக எழுதிய நூலக மேலாண்மைப் புராஜெக்டுக்கும் அதே 60 வருடம்தான்.

நிரலை இணையத்தில் வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் போட்டிருந்தால்? மற்றவர்கள் பார்க்கலாம், அந்தத் தளத்துக்குள்ளேயே தனக்கொரு நகல் எடுக்கலாம் (ஃபோர்க்) என்று அதன் விதிமுறை சொல்கிறது. அதைத் தாண்டித் தன் பொருளில் போட்டு விற்கவோ, திருத்தி வெளியிடவோ அனுமதி உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

சரி, குறைந்தபட்சம் என்ன எழுதணும்?

இரண்டு வரி. பைத்தான் கோப்பாக இருந்தால் இப்படி (திட்டத்தின் பெயர் உதாரணத்துக்கு வைத்தது):

# காப்பிரைட் 2025 நொய்யல் கணக்கு பங்களிப்பாளர்கள்
# எஸ்பிடிஎக்ஸ்-லைசென்ஸ்-ஐடென்டிஃபையர்: ஜிபிஎல்-3.0-ஆர்-லேட்டர்

முதல் வரி பதிப்புரிமை யாருடையது என்கிறது, இரண்டாவது வரி எந்த நிபந்தனையில் தருகிறார்கள் என்கிறது. உரிமத்தின் முழு வாசகம் ரெப்போவின் மேல் அடுக்கில் லைசென்ஸ் கோப்பில் இருக்க வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்காதீர்கள். கோப்பில் இருப்பது வெறும் பெயர்தான், அந்தப் பெயருக்குரிய ஆவணம் கூடவே போக வேண்டும்.

எஸ்பிடிஎக்ஸ் என்கிறீர்களே, அது என்ன? யார் வைத்த விதி?

லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் 2010லிருந்து வளர்ந்த ஒரு தரம். 2021ல் அது ஐஎஸ்ஓ 5962 என்ற பன்னாட்டுத் தரமாகவும் ஆனது. அதில் பல பகுதிகள் உண்டு. நமக்கு வேண்டியது உரிமப் பட்டியல் மட்டும்: ஒவ்வொரு உரிமத்துக்கும் ஒரு சுருக்கப் பெயர், அந்தப் பெயருக்கு நேராக ஒரே ஒரு நிலையான வாசகம். ஆளும் படிக்கலாம், கோப்புகளில் உரிமம் தேடும் ஸ்கேனர் நிரலும் படிக்கலாம்.

இதன் அருமை லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைப் பார்த்தால் தெரியும். அங்கே 60,000க்கும் மேற்பட்ட கோப்புகள். இருபத்தைந்து வருடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுதியவை. சிலதில் ஜிபிஎல் முழுக் குறிப்பு, சிலதில் அரைகுறை, சிலதில் எழுத்துப்பிழையோடு, ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஒன்றுமே இல்லை. 2017ல் இரண்டு வெவ்வேறு ஸ்கேனர்களை ஓட்டி, விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, குழப்பமானதை ஆள் உட்கார்ந்து படித்து முடிவு செய்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் வந்த 4.14 பதிப்பில், உரிமம் எழுதாத கோப்புகளின் தலையில் இந்த வரி ஏறியது. அதற்கும் முன்பே, 2013ல், சிறு போர்டுகளைத் துவக்கும் யு-பூட் திட்டம் இதைச் செய்துவிட்டது. கணபதிக்காரர் போர்டில் ஓடுவதும் யு-பூட்தான். ‘அட, தினமும் பார்க்கிற வரி இதுதானா!’ என்றார்.

எந்த வரியில் எழுத வேண்டும்?

முடிந்தவரை முதல் வரியில். ஷெல், பைத்தான் கோப்புகளில் ‘#!’ வரி இருந்தால் அதற்கு அடுத்து. எக்ஸ்எம்எல் அறிவிப்பு வரி கோப்பின் முதலிலேயே இருந்தாக வேண்டும், அதனால் அங்கேயும் அடுத்த வரி. மற்றபடி அந்தந்த மொழியின் கமெண்ட் குறி எதுவோ அது. கெர்னலில் சி கோப்புக்கு //, ஹெடர் கோப்புக்கு /* */ என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஹெடர்களை அசெம்ப்ளர் போன்ற கருவிகளும் படிக்கும், அவற்றில் சிலதுக்கு // பிடிக்காது என்பதுதான் காரணம். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லையென்றால் எது வேண்டுமானாலும் போடுங்கள், எல்லாக் கோப்பிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

ஜிபிஎல், அப்பாச்சி உரிமங்களின் கடைசியில் ஒரு பத்தி கொடுத்து, இதைக் கோப்பில் போடச் சொல்கிறார்களே? ஒரு வரி போதுமா?

ஜிபிஎல்லின் பிற்சேர்க்கை அந்த நீண்ட குறிப்பைக் கோப்பின் தொடக்கத்தில் வைப்பதே மிகப் பாதுகாப்பு என்கிறது. அதே இடத்தில், குறைந்தது காப்பிரைட் வரியும் முழுக் குறிப்பு எங்கே இருக்கிறது என்ற சுட்டலும் இருக்கட்டும் என்றும் சொல்கிறது. அப்பாச்சி ஃபவுண்டேஷன் தன் சொந்தத் திட்டங்களில் முழுப் பத்தியைக் கேட்கிறது. அங்கே பங்களிக்கப் போனால் அவர்கள் வழக்கத்தைப் பின்பற்றுங்கள். நம் சொந்தத் திட்டத்தில் காப்பிரைட் வரியும் எஸ்பிடிஎக்ஸ் வரியும் போதும் என்பது என் கருத்து. இன்று கெர்னலே அப்படித்தான் ஓடுகிறது.

நீண்ட பத்திக்கு எதிராக எனக்கு ஒரு தனிக் கடுப்பும் உண்டு. பழைய ஜிபிஎல் குறிப்பில், ‘உரிமத்தின் நகல் கிடைக்காவிட்டால் இந்த முகவரிக்கு எழுதவும்’ என்று, ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் தபால் முகவரி இருக்கும். முதலில் கேம்பிரிட்ஜ், மாஸ் அவென்யூ. பிறகு பாஸ்டன், டெம்பிள் பிளேஸ். 2005க்குப் பிறகு ஃபிராங்க்ளின் தெரு. 2024ல் அந்த ஆபீஸையும் மூடிவிட்டார்கள். ஆனால் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கோப்புகளில் அந்த மூன்று முகவரிகளும் இன்னும் குடியிருக்கின்றன. 2007ல் வந்த மூன்றாம் பதிப்பு புத்திசாலித்தனமாக இணைய முகவரிக்கு மாறிக்கொண்டது. ஒட்டிய பத்தி பழசாகும். பட்டியல் பெயர் பழசாகாது.

எம்ஐடி உரிமத்தில் ஒரு நெளிவு இருக்கிறது. காப்பிரைட் வரியும் அனுமதி வாசகமும் எல்லா நகலிலும் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் ஒரே நிபந்தனை. எழுதியவர் நீங்கள், உங்களை அது கட்டாது. ஆனால் எம்ஐடி கோப்பு ஒன்றை எடுத்து உங்கள் திட்டத்தில் போடுகிறவராக இருந்தால், தலையில் உள்ள ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டால் ஆகாது, அந்த வாசகத்தையும் கூடவே எடுத்து வாருங்கள்.

‘ஜிபிஎல்’ என்று எழுதினால் போதாதா? புரிந்துவிடுமே.

போதாது. எந்த ஜிபிஎல்? பதிப்பு எண்ணே சொல்லாமல் விட்டால், இதுவரை வெளியான எந்தப் பதிப்பையும் பெறுபவர் தேர்ந்துகொள்ளலாம் என்று உரிமமே சொல்கிறது. நீங்கள் நினைத்தது அதுவாக இருக்காது. ‘ஜிபிஎல் 2’ என்றாலும் பாதிதான் சொன்னீர்கள்: இரண்டு மட்டுமா, இரண்டோ அதற்குப் பிந்தியதோவா? இந்தக் குழப்பத்தால்தான் எஸ்பிடிஎக்ஸ் பட்டியலில் ‘ஒன்லி’, ‘ஆர்-லேட்டர்’ என்று இரண்டாகப் பிரித்தார்கள். லினக்ஸ் கெர்னல் மொத்தத்தில் ‘2.0-ஒன்லி’.

வித்தியாசம் வெறும் பேருக்கு இல்லை. அப்பாச்சி 2.0 நிரலை ஜிபிஎல் 3 நிரலோடு சேர்க்கலாம். ஜிபிஎல் 2 மட்டும் என்றால் சேர்க்க முடியாது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலை. ‘ஆர்-லேட்டர்’ என்ற ஒட்டு இருந்தால் மூன்றுக்கு நகர்ந்து தப்பிக்கலாம். அதேபோல ‘பிஎஸ்டி’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். இரண்டு விதி, மூன்று விதி, பழைய நான்கு விதி என்று தனித்தனியாக உண்டு. அந்த நான்கு விதி வடிவில் இருந்த விளம்பர விதி ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாது.

காப்பிரைட் வரியில் யார் பெயர்?

இங்கேதான் நம் ஊரில் அதிகம் தப்பு நடக்கிறது.

சம்பளத்துக்கு வேலை பார்க்கிறீர்கள், அந்த வேலையின் பகுதியாக எழுதினீர்கள் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமையாளர் முதலாளிதான். சட்டத்தின் 17ஆம் பிரிவு. அதனால் ஆபீஸ் வேலையில் பிறந்த கோப்பைத் திறந்த மூலமாகப் போடுவதற்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ‘போட்டுக்கப்பா’ என்று மேனேஜர் வாயால் சொன்னது, அவர் மாறியதும் காணாமல் போய்விடும்.

ஜாப் ஒர்க்காக எழுதிக் கொடுப்பவரின் கதை வேறு. நீங்கள் வேலை கொடுத்தவருடைய ஊழியர் இல்லை. எழுத்தில் உரிமையை மாற்றித் தராதவரை நிரல் பொதுவாக எழுதியவருடையது. காசு கொடுத்தவர் ‘நான்தானே பணம் கட்டினேன், என் சொத்துதானே’ என்பார். நூலை அவர் கொடுத்து நெய்து வாங்கும் கூலிக் கணக்கு மாதிரி இதைப் பார்க்கிறார்கள், சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஆனாலும் அவரிடம் போய்ப் பிரிவு எண் சொல்லிச் சண்டை போடாதீர்கள். வேலை தொடங்கும்போதே எந்தப் பகுதி பொதுவில் போகும், எது அவருக்கு மட்டும் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் கடைசிவரை உறவும் கெடாது.

கல்லூரிப் பிள்ளைகள்: உங்கள் கல்லூரிக்கு அறிவுசார் சொத்துக் கொள்கை என்று ஒன்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட் நாலு பேருடையது. ‘டீம் லீடர்’ பெயரை மட்டும் போடுவது நியாயமும் இல்லை, சரியும் இல்லை.

பலர் பங்களிக்கும் திட்டத்தில் ஒவ்வொருவர் பெயரையும் ஒவ்வொரு கோப்பிலும் ஏற்றினால் நிரலைவிடத் தலை நீளமாகிவிடும். ‘இன்ன திட்டத்தின் பங்களிப்பாளர்கள்’ என்று ஒரே வரி போட்டு, பெயர்களைத் தனிக் கோப்பில் வையுங்கள். யார் எந்த வரியை எழுதினார் என்பது, மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றில் இருக்கத்தான் போகிறது.

வருஷா வருஷம் ஜனவரியில் ஆண்டை மாற்றணுமா?

வேண்டாம். ஆண்டு இல்லாவிட்டாலும் உரிமை உண்டு. இணையத்தில் தரவை அனுப்பவும் இறக்கவும் உதவும் கர்ல் என்ற கருவியின் திட்டம் 2023ல் தன் கோப்புகளிலிருந்து ஆண்டுகளையே எடுத்துவிட்டது. போட விரும்பினால் முதலில் வெளியான ஆண்டைப் போட்டு விட்டுவிடுங்கள். ‘ஆல் ரைட்ஸ் ரிசர்வ்ட்’ என்பதையும் சேர்க்காதீர்கள். அது 1910ல் நடந்த புவெனஸ் ஐரிஸ் உடன்படிக்கையின் மிச்சம். கீழே திறந்த உரிமம் எழுதிவிட்டு மேலே ‘எல்லா உரிமையும் எனக்கே’ என்றால் படிப்பவர் எதை நம்புவார்?

வேறொருவர் கோப்பை எடுத்துப் பாதிக்கு மேல் மாற்றிவிட்டேன். அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயர் போடலாமா?

கூடாது. பாதியில்லை, முக்கால்வாசி மாற்றியிருந்தாலும் கூடாது. அவர் வரியை அப்படியே விட்டு அதன் கீழே உங்கள் வரியைச் சேருங்கள். அப்பாச்சி 2.0 இன்னொன்றும் கேட்கிறது: மாற்றிய கோப்பில், மாற்றினேன் என்று கண்ணில் படும்படி எழுத வேண்டும்.

இது மரியாதை விஷயம் மட்டும்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்வேன். அமெரிக்காவில் ராபர்ட் ஜேக்கப்சன் என்ற இயற்பியல் பேராசிரியர், பொம்மை ரயில்களை ஓட்டும் ஜேஎம்ஆர்ஐ என்ற திறந்த மூலத் திட்டத்தை நடத்தினார். ஒரு வணிக நிறுவனம் அதன் கோப்புகளை எடுத்துத் தன் பொருளில் சேர்த்தது. எழுதியவர் பெயர், காப்பிரைட் குறிப்பு, உரிமக் கோப்பைச் சுட்டும் வரி, எங்கிருந்து எடுத்தது, என்ன மாற்றியது, இவை எதுவும் அதில் இல்லை. கீழ்க் கோர்ட், இது வெறும் ஒப்பந்த மீறல் என்ற பார்வையில் தடையுத்தரவை மறுத்தது. 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இலவசமாகத் தந்தாலும் அந்த நிபந்தனைகள் பதிப்புரிமையின் பலத்தோடு நிற்பவை, மீறினால் பதிப்புரிமை மீறல் என்று சொல்ல இடமுண்டு என்றது. 2010ல் சமரசமாக முடிந்தது. நாம் ‘இரண்டு வரி கமெண்ட்தானே’ என்று அழிப்பது எதுவோ, அதை அழித்ததுதான் அங்கே வழக்கு.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து பத்து வரி எடுத்தேன். அதுக்குமா?

அது நிரல் பற்றிக் கேள்வி கேட்டுப் பதில் பெறும் தளம். அங்கே எழுதப்படுவதெல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பு-அதேபகிர்வு உரிமத்தில் இருக்கிறது. 2018 மே மாதத்துக்குப் பிறகு வந்தவை 4.0, அதற்கு முந்தியவை பழைய பதிப்புகள். 4.0ல் இருப்பதை ஜிபிஎல் 3 திட்டத்துக்குள் கொண்டுவரலாம், எம்ஐடி திட்டத்துக்குள் எம்ஐடியாக மாற்றிக்கொள்ள முடியாது. எவருக்கும் ஒரே மாதிரித்தான் எழுத வரும் என்கிற இரண்டு வரிக்குக் கவலைப்பட வேண்டாம். அதற்கு மேல் என்றால், அந்தத் துண்டின் மேல் முகவரியும் உரிமப் பெயரும் எழுதுங்கள். ஒரு கோப்பின் நடுவில் வேறு உரிமத் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டவும் எஸ்பிடிஎக்ஸில் குறிகள் இருக்கின்றன. நான் பெரும்பாலும் விடையைப் படித்துப் புரிந்துகொண்டு, ஜன்னலை மூடிவிட்டு நானே எழுதிவிடுவேன். அதுதான் சுலபம்.

‘ஆர்’, ‘அண்ட்’, ‘வித்’ என்று நடுவில் வருகிறதே?

‘எம்ஐடி ஆர் அப்பாச்சி-2.0’ என்றால் பெறுபவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ரஸ்ட் என்ற நிரல் மொழியின் உலகில் இது வழக்கம். ‘அண்ட்’ என்றால் இரண்டுக்கும் கட்டுப்பட வேண்டும். ‘வித்’ ஒரு விதிவிலக்கைச் சேர்க்கிறது. சாய்கோடு போட்டு ‘எம்ஐடி/ஜிபிஎல்’ என்று எழுதினால் அது ஆரா அண்டா என்று எழுதியவருக்கே பிறகு தெரியாது.

ஜேசன் கோப்பில் கமெண்ட் போட முடியாது. படம், எழுத்துரு எல்லாம் இருக்கிறது. அதற்கு?

ஐரோப்பாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2017ல் தொடங்கிய ரியூஸ் என்ற முறை இதற்கு நல்ல வழி சொல்கிறது. அதே பெயரோடு ‘.லைசென்ஸ்’ என்று முடியும் துணைக்கோப்பு ஒன்றைப் பக்கத்தில் வைக்கலாம். நூறு ஐகான் இருந்தால் நூறு துணைக்கோப்பு வைப்பது அபத்தம். அப்போது ரியூஸ் டாமல் என்ற ஒரே கோப்பில் ‘இந்த ஃபோல்டர் முழுக்க இந்த உரிமம்’ என்று எழுதிவிடலாம். பயன்படுத்தும் ஒவ்வொரு உரிமத்தின் முழு வாசகமும் ‘லைசென்சஸ்’ ஃபோல்டரில் இருக்கும்.

எழுத்துருவை ஏனோ யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. பில் அச்சிட மீரா இனிமையையோ நோட்டோ சான்ஸ் தமிழையோ ரெப்போவில் போட்டிருப்பீர்கள். அவை எழுத்துருக்களுக்கான ஓஎஃப்எல் 1.1 உரிமத்தில் இருப்பவை. உங்கள் மென்பொருளோடு சேர்த்துத் தரலாம், விற்கவும் செய்யலாம். எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது, காப்பிரைட்டும் உரிமமும் கூடவே போக வேண்டும். ஒதுக்கப்பட்ட பெயர் என்று குறித்திருந்தால், திருத்திய எழுத்துருவுக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். எழுத்துருக் கோப்புக்கு உள்ளேயே உரிமம் எழுத இடம் உண்டு, ஒரு எழுத்துருக் கருவியில் திறந்து பாருங்கள்.

தரவும் அப்படியே. காந்திபுரம் பஸ் வழித்தடங்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்திலிருந்து எடுத்தால் அது தரவுக்கான ஓடிபிஎல் உரிமம். உங்கள் நிரலின் எம்ஐடி அதன்மேல் படியாது. தனி ஃபோல்டர், தனிக் குறிப்பு.

எங்கள் நிரல் பம்பு போர்டில் ஃபர்ம்வேராகப் போகிறது. கம்பைல் செய்தால் கமெண்ட்டே போய்விடுமே?

போய்விடும், ஆனால் கடமை போகாது. பிஎஸ்டியின் இரண்டாம் விதி, கம்பைல் ஆன பைனரியாகத் தரும்போது கூட வரும் ஆவணங்களில் காப்பிரைட் குறிப்பும் நிபந்தனைகளும் இருக்க வேண்டும் என்கிறது. எம்ஐடி, அப்பாச்சிக்கும் இதே மாதிரிதான். பம்போடு தரும் கையேட்டின் கடைசிப் பக்கத்திலோ, போர்டுக்குத் திரை இருந்தால் ‘பற்றி’ பக்கத்திலோ போடலாம். ஜிபிஎல் பகுதி இருந்தால் மூல நிரலையும் தர வேண்டும், அல்லது கேட்டால் தருவோம் என்று எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். பம்பை வாங்கிய விவசாயி கேட்க மாட்டார் என்பது பதில் இல்லை. அவர் பையன் கேட்பான்.

ஜாவாஸ்கிரிப்ட்டைச் சுருக்கும்போதும் இதே சிக்கல். /*! என்று ஆச்சரியக்குறியோடு தொடங்கும் கமெண்டைப் பெரும்பாலான சுருக்கிகள் தொடாமல் விட்டுவிடும். உரிம வரியை அப்படி எழுதினால் தப்பித்துவிடும்.

இதெல்லாம் வேண்டாம், ‘யார் வேண்டுமானாலும் எடுத்துக்கோங்க, பேரு மட்டும் போடுங்க’ என்று தமிழில் எழுதினால் ஆகாதா?

மனசு நல்ல மனசு. ஆனால் திருத்தலாமா, விற்கலாமா, பழுதானால் யார் பொறுப்பு, ஒன்றுக்கும் பதில் இல்லை. சொந்தமாக உரிமம் எழுதாதீர்கள். ஜேசன் உரிமத்தில் ‘இந்த மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல’ என்று ஒரே ஒரு வரி கூட இருந்தது. எது நன்மை என்று யார் சொல்வது? அந்த ஒரு வரியால் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடும், பிறகு அப்பாச்சி ஃபவுண்டேஷனும் அதை ஒதுக்கின. நீங்கள் சொல்ல நினைத்ததை எம்ஐடி ஏற்கெனவே சொல்கிறது.

பெயர்கூட வேண்டாம், முழுசாகக் கொடுத்துவிடுகிறேன் என்றால் பெயர்குறிப்பு விதியே இல்லாத ஜீரோ-பிஎஸ்டி நிரலுக்குப் பொருத்தம். சிசி-ஜீரோ என்பது தரவுக்கும் படத்துக்கும் நல்லது. காப்புரிமை (பேட்டன்ட்) விஷயத்தில் அது கையை விரிப்பதால் ஃபெடோரா என்ற லினக்ஸ் வெளியீடு 2022ல் நிரலுக்கு அதை ஏற்பதை நிறுத்தியது.

தமிழில் எழுதக் கூடாதா என்றால், தாராளமாக எழுதுங்கள். உரிமையாளர் பெயரைத் தமிழிலேயே போடலாம், யுடிஎஃப்-8ல் எந்தக் கருவியும் திணறாது. ரீட்மீயில் நம் பசங்களுக்குப் புரியும்படி இரண்டு பத்தியில் விளக்கலாம். எஸ்பிடிஎக்ஸ் வரி மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். உரிமத்தின் தமிழாக்கம் படிப்பதற்கு, கட்டுப்படுத்துவது மூல வாசகம்.

எங்களிடம் எட்டு வருடப் பழைய ரெப்போ, முந்நூறு கோப்பு. எங்கே தொடங்க?

முதலில் எதையும் எழுதாதீர்கள். கோப்புகளில் உரிமத்தைத் தேடும் ஸ்கேன்கோட் போன்ற ஒரு கருவியை ஓட்டிப் பாருங்கள். ‘நம்முடையதுதான்’ என்று நினைத்த ஃபோல்டரில் எங்கேயோ எடுத்த ஐந்தாறு கோப்பு நிச்சயம் சிக்கும். அவற்றைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். அவற்றின் தலையில் உங்கள் வரியை ஏற்றிவிடக் கூடாது, எல்லாக் கோப்பிலும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்கிரிப்ட் ஓட்டுபவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான். தானாக உருவாகும் கோப்புகளை விடுங்கள், அவற்றை உருவாக்கும் அச்சில் வரியைச் சேர்த்தால் போதும்.

அடுத்து, லைசென்ஸ் கோப்பு எட்டு வருடத்தில் எப்போதாவது மாறியதா என்று கிட் வரலாற்றில் பாருங்கள். இருக்கும் உரிமத்தைக் கோப்பில் எழுதுவது வேறு, உரிமத்தையே மாற்றுவது வேறு. இரண்டாவதற்குப் பங்களித்த எல்லோரிடமும் சம்மதம் கேட்க வேண்டியிருக்கும். அதை இந்த வேலையோடு கலக்காதீர்கள்.

இவ்வளவும் தெளிந்த பிறகு ரியூஸ் கருவியின் ‘அன்னோடேட்’ கட்டளையை நம் கோப்புகளின் மேல் மட்டும் ஓட்டுங்கள். மொழிக்கு ஏற்ற கமெண்ட் குறியை அதுவே போடும். பிறகு ‘லின்ட்’ ஓட்டினால் விட்டுப்போனதைச் சொல்லும். அந்த லின்ட்டைத் தானியங்கிச் சோதனையில் சேர்த்துவிட்டால், அடுத்த மாதம் புதிதாக வரும் பிள்ளை தலை இல்லாத கோப்பைத் தரும்போது நீங்கள் திட்ட வேண்டியதில்லை, அது திட்டும்.

எல்லாவற்றையும் கிட்டில் ஒரே பதிவாக (கமிட்) போடுங்கள், வேறு ஒரு மாற்றத்தையும் அதோடு சேர்க்காதீர்கள். குறி சேர்க்கும்போது கருவி வரி முடிவுகளையோ இடைவெளியையோ மாற்றிவிட்டதா என்று பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு (டிஃப்) பாருங்கள். மாற்றியிருந்தால் அந்தக் கமிட்டின் எண்ணை ‘கிட்-ப்ளேம்-இக்னோர்-ரெவ்ஸ்’ கோப்பில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் ஆறு வருடத்துக்கு முன் வேறு யாரோ எழுதிய பிழைக்கெல்லாம், எந்த வரியை யார் எழுதினார் என்று சொல்லும் கிட் ப்ளேம் கட்டளை உங்கள் பெயரைக் காட்டும்.